அப்பத்துக்காக வந்தவர்களா?

ஆதித் திருச்சபை எப்படிப் பரவியது என்று கேட்டால் இன்று கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பதில் தயாராக இருக்கிறது: பசித்தவனுக்கு அப்பம் கொடுத்து ஆள் சேர்த்தார்கள். மேடைப் பேச்சில் இது வசையாக வரும். சமூகவியல் நூல்களில் தொண்டு, உறவு வலைப்பின்னல், வளர்ச்சி விகிதம் என்று மரியாதையான உடை உடுத்தி வரும். இரண்டும் சொல்வது ஒன்றே. தொண்டு தூண்டில், மனமாற்றம் அதில் சிக்கிய மீன். இந்தக் கருத்து புதியதும் இல்லை. கிறிஸ்தவத்தைத் துறந்து பழைய தெய்வங்களிடம் திரும்பிய பேரரசர் ஜூலியன், பூசாரி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், தின்பண்டம் காட்டிக் குழந்தைகளைக் கூட்டிப்போய்க் கப்பலேற்றி விற்பவர்களோடு கிறிஸ்தவர்களை ஒப்பிட்டார். நான்காம் நூற்றாண்டின் அரசியல் பகை ஒன்று சான்றுகளோடு ஒப்பிடப்படாமலே இன்று ஆய்வு முடிவாக உலவுகிறது. மூல ஆவணங்கள் காட்டும் சித்திரம் இதற்கு நேர்மாறானது. அந்தச் சபைக்கு மனம் மாறி வருவதென்றால் பெறுகிறவர் வரிசையில் சேர்வதல்ல, கொடுக்கிறவர் வரிசையில் சேர்வது.

முதல் இரு நூற்றாண்டுகளை விரைவாகவே கடக்கலாம். அப்போஸ்தலர் நடபடிகளில் விதவைகளின் பந்தி விசாரணைக்கு எழுவர் நியமிக்கப்படுகிறார்கள். யோப்பாவின் தொற்காள் உயிரோடு எழுப்பப்படும்போது, அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளை விதவைகள் பேதுருவிடம் காட்டி அழுகிறார்கள். அற்புதமும் நற்செயலும் அந்தக் கதையில் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கின்றன. திதாக்கே என்னும் பழைய ஒழுங்கு நூல், வழிப்போக்கனை இரண்டு மூன்று நாள் மட்டுமே தங்கவிடச் சொல்கிறது. அதற்கு மேல் தங்க நினைப்பவன் உழைத்து உண்ண வேண்டும். ஆள் பிடிக்கிறவர்கள் இப்படிச் சட்டம் எழுத மாட்டார்கள். சுமார் 155இல் ஜஸ்டின் ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கையைப் பற்றியும், 197 வாக்கில் தெர்த்துல்லியன் மாதந்தோறும் விரும்பியவர் விரும்பியதைப் போடும் பொதுநிதியைப் பற்றியும் எழுதுகிறார்கள். அரிஸ்டைடிஸ் தரும் செய்தி இவை எல்லாவற்றையும்விடக் கனமானது: ஏழைக்குக் கொடுக்க உபரி இல்லாதபோது கிறிஸ்தவர்கள் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்து அந்த உணவைக் கொடுத்தார்கள். இங்கே கொடுக்கிறவனும் ஏழை. தூண்டில் கோட்பாட்டில் இவனுக்கு இடமே இல்லை.

திருச்சபையின் இந்தப் பரவலுக்கு வரலாற்றாசிரியர் கிப்பன் 1776இல் ஐந்து காரணங்களை அடுக்கி அவற்றுள் அற்புதங்களையும் ஒன்றாக வைத்தார். ராம்சே மக்முல்லன் 1984இல் பேயோட்டுதலையும் அதிசயங்களையும் மையத்துக்குக் கொண்டுவந்தார். 1996இல் ரோட்னி ஸ்டார்க், பத்தாண்டுக்கு 40 விழுக்காடு வளர்ச்சி என்று கணக்குப் போட்டு, கொள்ளைநோய்க் காலப் பராமரிப்பை அதற்கு ஒரு முக்கியக் காரணமாக நிறுத்தினார். மக்முல்லனின் உழைப்பு பெரிது. ஆனால் அவருடைய ஆதாரங்களில் பல, நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு வெகு பிந்தியவை. நியோசெசரியாவின் ஆயர் கிரகோரியை எடுத்துக்கொள்வோம். ‘அற்புதர்’ என்றே பட்டம் பெற்றவர். அவர் வந்தபோது ஊரில் 17 கிறிஸ்தவர்கள் இருந்தார்கள், இறந்தபோது 17 பேர்தான் கிறிஸ்தவர் அல்லாதவர்கள் என்ற புகழ்பெற்ற கதை, ஏறக்குறைய நூறாண்டு கழித்து நீசாவின் கிரகோரி எழுதிய வரலாற்றில் வருவது. அற்புதரே எழுதி நம் கைக்கு வந்திருக்கும் கடிதம் எதைப் பேசுகிறது? கோத்தியர் படையெடுப்பின் குழப்பத்தில் அடுத்தவர் உடைமைகளை எடுத்து வைத்துக்கொண்ட கிறிஸ்தவர்களைக் கண்டிக்கிறது. தப்பி வந்த கைதிகளை அடைத்து வைத்தவர்களை விசாரிக்கச் சொல்கிறது. மலையைப் பெயர்த்ததாகப் பிற்காலம் கொண்டாடிய மனிதரின் கவலை, களவுபோன பொருள் உரியவரிடம் திரும்ப வேண்டும் என்பதாக இருந்தது. எனக்கு இந்தக் கடிதம் ஆயிரம் அதிசயக் கதைகளைவிட மேலான சான்று.

அந்த மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதிதான் திருச்சபையின் மிகச் சிறந்த காலம். அதிகாரம் இல்லை, அரசு மானியம் இல்லை, பேரரசர் டேசியஸின் துன்புறுத்தல் தலைமேல். 251இல் ரோமின் ஆயர் கொர்நேலியுஸ் அந்தியோக்கியாவின் ஃபாபியுஸுக்கு எழுதிய கடிதத்தில் தம் சபையைக் கணக்கெடுத்துக் கொடுக்கிறார்: மூப்பர்கள் 46 பேர், திருத்தொண்டர்கள் 7 பேர், பேயோட்டுவோர், வாசிப்போர், வாயில் காப்போர் எல்லாரும் சேர்ந்து 52 பேர், விதவைகளும் வறியவர்களும் 1,500க்கு மேல். அதிசயத்துக்கும் சோற்றுக்கும் அந்தச் சபை ஒதுக்கிய இடம் இந்த எண்களிலேயே தெரிகிறது. 253 வாக்கில் நுமீதியாவில் கொள்ளையரிடம் சிக்கியவர்களை மீட்கக் கார்த்தேஜின் ஆயர் சிப்ரியான் 1,00,000 செஸ்டர்ஷியஸ் திரட்டி அனுப்புகிறார். பணத்தோடு, ஜெபத்தில் நினைக்கும்படி, கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியலும் போகிறது. கொள்ளைநோய் ஊரை அழித்தபோது தம் மக்களுக்கு மட்டும் இரங்குவது பெரிய காரியமல்ல, பகைவருக்கும் செய்யுங்கள் என்று அவர் வற்புறுத்தியதை உடனிருந்த போந்தியுஸ் பதிந்திருக்கிறார். ஐந்தாறு ஆண்டுகளில், 258இல், சிப்ரியான் தலை வெட்டப்பட்டது. இலவச உணவுக்காக இந்தக் கூட்டத்தில் சேர்வதாக இருந்தால் அதன் விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மறுப்புகளில் இரண்டு வலுவானவை. கிறிஸ்தவர்களின் தாராளத்தைப் பயன்படுத்திக் கொழுத்த பெரிகிரீனஸைப் பற்றி லூசியன் எழுதியிருக்கிறாரே என்பது ஒன்று. எழுதியிருக்கிறார், ஏமாற்றுக்காரர்கள் இருந்தார்கள். ஆனால் லூசியனின் நையாண்டி கொடுப்பவர்களின் வெகுளித்தனத்தின் மேல்தான் விழுகிறது. அவர்கள் தந்திரசாலிகள் என்று அவர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. இரண்டாவது, இந்த உதவியெல்லாம் பெரும்பாலும் சொந்தச் சபையாருக்கே என்பது. பெருமளவு உண்மை. அலெக்சாந்திரியாவின் தியோனீசியுஸ் தரும் கொள்ளைநோய்ச் சித்திரத்திலும் கிறிஸ்தவர்கள் சகோதரர்களையே பராமரிக்கிறார்கள். மற்றவர்கள் நோயாளிகளைத் தெருவில் எறிந்தார்கள் என்ற பகுதியில் கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடிடீஸின் நடை எதிரொலிக்கிறது. அதை அப்படியே எடுத்து இறப்பு விகிதம் கணக்கிட்டது ஸ்டார்க்கின் பெரிய சறுக்கல். ஆனால் இந்த இரண்டாம் மறுப்பு தூண்டில் கோட்பாட்டையே உடைக்கிறது. வெளியாருக்குப் போகாத அப்பத்தால் வெளியாரை எப்படிப் பிடிப்பது?

நான்காம் நூற்றாண்டு இந்தத் தெளிவைக் கலக்கியது. கான்ஸ்டன்டைன் சபைகளுக்குத் தானியமும் குருக்களுக்குச் சலுகைகளும் வழங்கினார். ஏழைகளைக் காப்பது ஆயரின் பதவிக்கு அழகு சேர்க்கும் பொதுக்கடமையாயிற்று. செசரியாவில் பசிலியார் எழுப்பிய மருத்துவ நகரம் மகத்தானதுதான். என்றாலும் அதன் நிழலில் பெயரற்ற கொடையாளிகள் மறைந்துபோனார்கள். ஜூலியனின் சோதனை இங்கேதான் பொருள்படுகிறது. 362இல் கலாத்தியாவின் தலைமைப் பூசாரி அர்சாக்கியுஸுக்கு எழுதும்போது, கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைத்தார்) தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் தாங்குகிறார்கள் என்று வெட்கப்படுகிறார். ஆண்டுக்கு 30,000 மோடியஸ் கோதுமையும் 60,000 படி திராட்சரசமும் ஒதுக்குகிறார். பலிக்கவில்லை. அடுத்த ஆண்டே அவர் பாரசீகப் போரில் இறந்தார், சோதனை முழுமையடையவில்லை என்று சொல்லலாம். சரி. ஆனால் கோதுமையை அரசாங்கத்தால் அனுப்ப முடிந்தது; பட்டினி கிடந்து கொடுக்கும் மக்களை அனுப்ப முடியவில்லை. கொடுக்கப் பழக்குங்கள் என்று பூசாரிக்கு அவர் தனியாகக் கட்டளையிட வேண்டியிருந்தது.

அப்பம் பெற்று மனம் மாறியவர் ஒருவரும் இல்லையா? உண்டு, எகிப்தின் பக்கோமியுஸ். 312 வாக்கில் கட்டாயமாகப் படைக்குப் பிடிக்கப்பட்டு, தேப்ஸ் நகரில் அடைபட்டிருந்தபோது, முன்பின் அறியாத சிலர் உணவு கொண்டுவந்தார்கள். யார் இவர்கள் என்று கேட்டார், கிறிஸ்தவர்கள் என்றார்கள். விடுதலையானால் மனிதர்களுக்கு ஊழியம் செய்வேன் என்று அன்றிரவு வேண்டிக்கொண்டார். வெளியே வந்து ஞானஸ்நானம் பெற்று, கிராமத்தாருக்கு உழைத்து, பின்னர் தபென்னேசியில் கூட்டுத் துறவு மடத்தை நிறுவினார். உணவு கொண்டுவந்தவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அதே தலைமுறையில், 303ஆம் ஆண்டு மே 19 அன்று, வட ஆப்பிரிக்காவின் சிர்தா நகரில் அதிகாரிகள் தேவாலயத்தைச் சோதனையிட்டு எடுத்த பட்டியல் நமக்குக் கிடைத்திருக்கிறது: பெண்களின் அங்கிகள் 82, முக்காடுகள் 38, ஆண்களின் அங்கிகள் 16, ஆண்களின் காலணிகள் 13 சோடி, பெண்களின் காலணிகள் 47 சோடி. ஆதித் திருச்சபையின் மனமாற்றத்தைப் பற்றித் தமிழில் எழுத வருகிறவர்கள் ஜூலியனின் வசையை ஒதுக்கிவிட்டு இந்தப் பட்டியலிலிருந்தும் கொர்நேலியுஸின் கணக்கிலிருந்தும் தொடங்கட்டும்.