பட்டினப்பாலைச் சுங்கமும் நயினாதீவுச் சாசனமும்

முதலாங் குலோத்துங்கனைச் சுங்கந்தவிர்த்த சோழன் எனப் போற்றிற்றுத் தமிழுலகு. அதே தமிழுலகு சுங்கங் கொள்வோரைப் புகழ்ந்ததும் உண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையிற் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கக் காவலரை ஞாயிற்றின் தேர்க்குதிரைகளுக்கு ஒப்பிடுகின்றார். ஓய்வறியாமையே ஒப்புமை. இந்நூலை விளக்குவோர் பெரும்பாலும் பண்டங்களின் நிரலிலே மனந்தோய்ந்து, ஈழத்து உணவுப்பொருளும் அங்கு இடம்பெற்றதைச் சுட்டி மகிழ்ந்து அமைவர். யாழ்ப்பாணத்தார்க்கு அம்மகிழ்ச்சி இயல்பே. ஆயின் புலவர் கண் தங்கிய இடம் வேறு. நீரினின்று நிலத்துக்கும் நிலத்தினின்று நீருக்கும் செல்லும் பொருள் அளவிறந்து குவிகின்றது. அதன்மீது புலி இலச்சினை பொறிக்கப்படுகின்றது. ஒரு துறை, ஒரு பொறி. வரி உண்டு, தடை இல்லை. பொருள்தேடப் போகாது நின்றுவிடுந் தலைவன் கூற்றாகவே இத்துணை வாணிகவளமும் பாடப்பட்டமை தனிச்சுவை.

புலவன் வாக்குப் புனைந்துரையாகலாம் என்று ஐயுறுவார்க்குக் கல்லே சான்று. முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) நயினாதீவுத் தமிழ்ச்சாசனம், பரதேசிகள் ஊராத்துறைக்கு வந்து தங்கவேண்டும், அவர்க்குக் காவல் வேண்டும் என்கின்றது. அவ்வூராத்துறை இன்றைய ஊர்காவற்றுறையே. யானை குதிரை கொணரும் மரக்கலம் உடைந்தால் நாலிலொன்று பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. ஏனைச் சரக்கேற்றிய கலமாயின் செம்பாதி. கடலிற் கெட்டவனிடமே செம்பாதி கொள்ளும் அரசை இரக்கமுடையது என எவருங் கூறார். தனக்கு வேண்டிய யானை குதிரைக்கு மட்டும் சலுகை காட்டிய தன்னலமும் மறையவில்லை. ஆயினும் பாய்விரிக்குமுன்னரே வணிகன் தன் பங்கை அறிந்திருக்க இடமிருந்தது. விதி கல்லிலும் செம்பிலும் வெட்டுவிக்கப்பட்டமை அதற்கே.

இவ்வளவுகோலைக் கொண்டு பாக்குநீரிணையின் இக்கால வாணிகத்தை நோக்குக. இந்திய இலங்கைத் தடையற்ற வாணிக உடன்படிக்கை 1998இற் கைச்சாத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. பல பொருள்களுக்குத் தீர்வை குறைந்தது; ஆனால் 1914இல் தொடங்கிய தலைமன்னார்க் கப்பற்சேவை 1980களிலேயே போரால் நின்றுபோயிருந்தது. நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் வந்தது 2023 ஒக்டோபரிலேதான். வரி குறைந்தபோது குடாநாட்டுச் சிறுவணிகனுக்கு வழி இல்லை. உடன்படிக்கையைப் புகழ்வோர் தீர்வை வீதங்களை மட்டும் எண்ணிக் காட்டுவது, பட்டினப்பாலையிற் பண்டங்களை மட்டும் எண்ணுவதையொக்கும்.

ஆபிரிக்காவில் இவ்வுண்மை காலந்தாழ்த்தியேனும் உணரப்பட்டது. சாம்பியாவுக்கும் சிம்பாப்வேக்கும் இடையிலுள்ள சிருண்டு எல்லையில் 2009 முதல் இருநாட்டு அலுவலரும் ஓரிடத்திருந்தே சரக்கைச் சோதிக்கின்றனர். முன்னர் ஒரே வண்டி இருமுறை நின்றது. புலிப்பொறியின் இயல்பு அங்கு ஓரளவு மீண்டது எனலாம்.

இனி, தடையெல்லாந் தீதெனத் துணிவார்க்கு யாழ்ப்பாணத் தோட்டக்காரன் ஒரு மறுப்பு. 1970–77 இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் மிளகாயும் வெங்காயமும் குடாநாட்டை வாழ்வித்தன. 1977இல் ஆட்சி மாறிற்று, கட்டுப்பாடு தளர்ந்தது, வெளிநாட்டுச் சரக்கு வந்து விலையை வீழ்த்திற்று. மலிந்த வெங்காயம் கொழும்பில் வாங்கியுண்டார்க்கு நன்மையே. இவ்வழக்கு எளிதில் தீர்வதன்று. ஆயினும் ஊராத்துறைக்கு வந்த பரதேசிக்கு வாய்த்த முன்னறிவு இம்மண்ணின் உழவனுக்கு வாய்க்கவில்லை. நடும்போது இருந்த விதி கிண்டும்போது இல்லை.