பதிவுசெய்யப்பட்ட சிரிப்பும் பார்வையாளரின் தெரிவும்: மாற்று நகைச்சுவை அரங்கு பற்றிய சில குறிப்புகள்

நகைச்சுவை பற்றிய ஆய்வு நம்மிடையே அருகியே காணப்படுகிறது. அவலச்சுவை ஆழமானது, நகைச்சுவை மேலோட்டமானது எனும் எண்ணம் விமர்சகர் பலரிடம் வேரூன்றியிருப்பது இதற்கு ஒரு காரணமாகலாம். ஆயின் ஒரு சமூகம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறது, யாருடன் சேர்ந்து சிரிக்கிறது, எங்கே சிரிக்க மறுக்கிறது என்பன அச்சமூகத்தின் அதிகார உறவுகளைத் துலக்கமாகக் காட்டுவனவாகும். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்குரிய நிலைக்களன்களை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்காக வகுத்தது. இவற்றுள் எள்ளலை, தான் பிறரை எள்ளுதல், பிறரால் தான் எள்ளப்படுதல் என இரண்டாக விரித்துப் பொருள்கொள்வது உரைமரபு. எள்ளுபவர் யார், எள்ளப்படுபவர் யார் எனும் வினா இப்பகுப்பினுள்ளேயே இருக்கிறது. இக்கட்டுரைக்கும் அதுவே அடிப்படை வினாவாகும்.

ஒருவர் மேடையில் தனித்து நின்று, ஒலிவாங்கி ஒன்றின் துணையோடு, பார்வையாளருடன் நேரடியாகப் பேசி நகைப்பூட்டும் ஆற்றுகையை ஆங்கிலத்தில் 'ஸ்டான்ட்-அப்' என்பர். இங்கு அதனைத் தனிநிலை நகைச்சுவை எனக் குறிப்பிடுவோம். பிரித்தானியாவில் 1979ஆம் ஆண்டளவில் தோன்றிய 'மாற்று நகைச்சுவை' இக்கலைக்குப் புதியதொரு அரசியலை வழங்கிற்று. அதன் வழிவந்த ஆற்றுகைகள் இன்று ஒளிப்பதிவுகளாக வீட்டினுள் வந்து சேர்கின்றன. லண்டனிலோ எடின்பரோவிலோ அரங்கினுள் அமர வாய்ப்பில்லாத பெரும்பான்மையோருக்கு, நாமும் உட்பட, அக்கலையை அறிவதற்குரிய வழி இப்பதிவுகளே. எனவே பதிவுகளுள் எதனைத் தெரிந்து பார்ப்பது என்பது ஓய்வுநேரச் சிக்கல் மாத்திரமன்று. அது ஒரு விமர்சனச் சிக்கலுமாகும்.

1

1970களில் பிரித்தானியத் தனிநிலை நகைச்சுவையின் முக்கிய களங்களுள் ஒன்று வட இங்கிலாந்தின் தொழிலாளர் மன்றங்களாகும். கிரனாடா தொலைக்காட்சி 1971இல் தொடங்கிய 'த கொமெடியன்ஸ்' எனும் நிகழ்ச்சி அம்மன்றங்களின் கலைஞர்களை நாடெங்கும் அறிமுகஞ்செய்தது. மாமியார், அயர்லாந்துக்காரர், பாகிஸ்தானிலிருந்தும் கரிபியன் தீவுகளிலிருந்தும் குடியேறியோர் ஆகியோரே அந்நகையின் வழமையான இலக்குகள். தொழிலாளர் வர்க்கத்தின் சொந்த மன்றத்திலே, அவ்வர்க்கத்தின் ஒரு பகுதி மற்றொரு பகுதியை எள்ளி மகிழ்ந்தது என்பதே இதிலுள்ள அவலம். முன்பு சுரங்கத் தொழிலாளியாகவும் உதைபந்தாட்ட வீரராகவும் விளங்கிய கறுப்பினக் கலைஞர் சார்ளி வில்லியம்ஸ், அம்மேடையில் தமது நிறத்தையே நகைப்பொருளாக்கினார். அங்கு இடம்பெறுவதற்கு அவர் செலுத்திய விலை அதுவெனலாம்.

இந்நிலைமையை முதலில் கூர்மையாக இனங்கண்டவர் ட்றெவர் கிறிஃபித்ஸ் எனும் மார்க்சிய நாடகாசிரியர். 1975இல் நொட்டிங்ஹாமில் மேடையேறிய அவரது 'கொமெடியன்ஸ்' நாடகம், மஞ்செஸ்டரில் மாலை வகுப்பொன்றிலே நகைச்சுவை பயிலும் தொழிலாளரைப் பாத்திரங்களாகக் கொண்டது. நகைச்சுவை மனிதரை விடுவிக்க வேண்டும், அவர்தம் அச்சங்களைத் தீனியிட்டு வளர்த்தலாகாது என்பது அவர்களுடைய ஆசிரியரின் கொள்கை. லண்டனிலிருந்து வரும் முகவரோ மக்கள் விரும்புவதை வழங்குவதே தொழில் என்பார். தேர்வு மேடையில் கொள்கையைக் கைவிட்டு இழிவு நகைக்குத் திரும்பியோருக்கே ஒப்பந்தம் கிடைக்கிறது. நகைச்சுவையில் 'மக்கள் விருப்பம்' எனப்படுவது பெரும்பாலும் வாங்குபவரின் விருப்பமே என்பதனை இந்நாடகம் நிறுவிற்று.

1979 மே 3ஆம் திகதித் தேர்தலில் மார்கரட் தச்சரின் கட்சி வெற்றியீட்டியது. அம்மாதம் 19ஆம் திகதி லண்டன் சோஹோவில், ஆடைகளை நடனம் நடைபெறும் விடுதியொன்றின் மேல்மாடியில் 'கொமெடி ஸ்டோர்' திறக்கப்பட்டது. இரு நிகழ்ச்சிகளுக்கும் நேரடித் தொடர்பில்லையெனினும், பின்னர் வளர்ந்த மாற்று நகைச்சுவை தச்சர் ஆட்சியோடு மோதியே தன் உருவைப் பெற்றது. லிவர்பூலின் கம்யூனிஸ்ட் குடும்பமொன்றில் பிறந்த அலெக்ஸி செய்ல் அங்கு முதல் அறிவிப்பாளராக விளங்கினார். அவரும் ரொனி அலனும் அதே ஆண்டில் 'மாற்று கபரே' எனும் குழுவை அமைத்து மதுச்சாலைகளின் பின்னறைகளில் ஆற்றுகை நிகழ்த்தினர். இனவாதமும் பெண்ணிழிவும் கலவாத நகை என்பது இவ்வியக்கத்தின் பொது நெறியாயிற்று. முன்னர் எள்ளப்பட்டவர்கள் விடுபட, எள்ளியவர்கள் இலக்காயினர். செய்ல் இடதுசாரி நடுத்தர வர்க்கத்தின் பாவனைகளையும் விட்டுவைக்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

இவ்வியக்கத்தின் முரண்பாடுகளையும் மறைத்தலாகாது. மேடையேறியோருள் ஆண்களே மிகுதி. பல்கலைக்கழகம் சென்றோரும் பலர். 1980இல் 'கொமிக் ஸ்ட்ரிப்' குழுவும் சோஹோவிலே ஆடைகளை நடனத்துக்குப் பேர்போன நிலையமொன்றின் அரங்கையே வாடகைக்குப் பெற்றது. 1982இல் 'சனல் 4' தொடங்கிய முதலிரவிலேயே அக்குழுவின் படைப்பு ஒளிபரப்பாயிற்று. மூன்றே ஆண்டுகளில் 'மாற்று' என்பது தொலைக்காட்சியின் விரும்பத்தக்க சரக்காகிவிட்டது.

2

தனிநிலை நகைச்சுவையில் பார்வையாளர் வெளியே இருப்பவரல்லர். அவர்தம் சிரிப்பு, மௌனம், இடைமறித்த கூச்சல் ஆகியன ஆற்றுகையின் மறுபாதியாகும். ஆரம்பகால 'கொமெடி ஸ்டோரில்' பார்வையாளர் வெறுப்புக் காட்டியவிடத்துச் சேகண்டி ஒன்று அடிக்கப்பட, கலைஞர் மேடையை விட்டிறங்க நேர்ந்தது. கொடூரமான முறைதான், எனினும் தீர்ப்பு அங்கிருந்தோர் கையில் இருந்தது. ஒளிப்பதிவிலோ தீர்ப்பு நமக்கு முன்னரே வழங்கப்பட்டுவிடுகிறது. நாம் காண்பது ஏனையோர் சிரித்து முடித்த சிரிப்பை.

அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக 1950களில் சார்ள்ஸ் டக்ளஸ் எனும் ஒலிப் பொறியியலாளர் வடிவமைத்த சிரிப்புப் பெட்டி, பதிவான சிரிப்பொலிகளை வேண்டியவிடத்து இடும் பொறியாகும். இன்றைய ஒளிப்பதிவுகளில் அப்பெட்டியின் பணியைப் படத்தொகுப்பும் செய்யவல்லது. 2004 முதல் பி.பி.சி. ஒளிபரப்பிய 'லைவ் அற் த அப்பலோ' போன்ற நிகழ்ச்சிகளில், நகைத்துணுக்கு முடிந்ததும் கமெரா பார்வையாளர் பக்கம் திரும்பி மகிழ்ந்த முகங்களைக் காட்டும். எங்கே சிரிக்கவேண்டும் என வீட்டிலிருப்பவருக்கு இது அறிவுறுத்துகிறது. ஒரு மணி நேரம் விரியவல்ல சிந்தனைத்தொடர் சில நிமிடத் துண்டுகளாக நறுக்கப்படுவதும் இங்குதான். நறுக்கிய துண்டில் நகை எஞ்சும்; வாதம் எஞ்சாது.

பொருளாதார அடிப்படையும் கவனத்திற்குரியது. ஒரு கலைஞர், ஓர் ஒலிவாங்கி, ஓரிரு இரவுகள் என்றளவில் அடங்கும் இவ்வாற்றுகை, நாடகம் திரைப்படம் ஆகியவற்றோடு ஒப்பிடுகையில் மிகக் குறைந்த செலவில் பதிவாகக்கூடியது. பிரித்தானியாவில் நத்தார்க்காலப் பரிசுச் சந்தையை நோக்கி நகைச்சுவை இறுவட்டுகள் ஆண்டுதோறும் குவிந்தன; பின்னர் இணையவழி ஒளிபரப்பு நிறுவனங்கள் அவ்விடத்தைப் பிடித்தன. ஸ்டூவர்ட் லீயின் 'கொன்டென்ட் புறொவைடர்' எனும் ஆற்றுகை 2018இல் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. அதன் மேடை, பிற நகைச்சுவையாளரின் பழைய இறுவட்டுகளை மலிவாக வாங்கிக் குவித்து அமைக்கப்பட்டிருந்தது. இக்கலை பண்டமாவதையும், பண்டம் பெறுமதியிழந்து குப்பையாவதையும் காட்டுவதற்கு அதைவிடப் பொருத்தமான காட்சியைக் காண்பதரிது.

இதனாற் பதிவுகளை முற்றாக நிராகரித்தல் தகுமா? டானியல் கிற்சன் போன்ற கலைஞர் தொலைக்காட்சியைப் பெரும்பாலும் தவிர்த்து வந்துள்ளனர். அது மதிக்கத்தக்க நிலைப்பாடே. ஆயினும் நேரடி அரங்கைப் புனிதப்படுத்துவோர், நுழைவுச்சீட்டுக்கும் பயணத்துக்கும் வசதியுள்ளோரின் அனுபவத்தையே கலையின் இயல்பெனக் கொள்கின்றனர். வால்டர் பெஞ்சமின் 1936இல் எழுதிய கட்டுரையில், பொறிவழி மறுபடியாக்கம் கலையின் ஒளிவட்டத்தைச் சிதைப்பினும் அதனை மக்களிடம் கொண்டுசேர்க்கும் ஆற்றலும் உடையது எனக் காட்டியமை இங்கு நினைவுகூரத்தக்கது.

மற்றொரு சான்றை அமெரிக்காவிலிருந்து காட்டலாம். லெனி புறூஸ் 1964இல் நியூயோர்க்கில் ஆபாசக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டபோது, பார்வையாளரிடையே இருந்து அதிகாரி ஒருவர் எடுத்த குறிப்புகளும் சான்றாக முன்வைக்கப்பட்டன. கலைஞரின் ஆற்றுகை அதிகாரியின் வாயில் வேறொன்றாயிற்று. 1965இல் சான் பிரான்சிஸ்கோவில் படமாக்கப்பட்ட ஆற்றுகையிலே புறூஸ் அவ்வழக்கின் பதிவேடுகளையே எடுத்து வாசித்து மறுக்கிறார். அடுத்த ஆண்டு அவர் இறந்தார். 2003இலேயே நியூயோர்க் ஆளுநர் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். அப்படம் பொழுதுபோக்குப் பண்டமன்று. அரச ஆவணத்துக்கு எதிரான ஆவணம்.

3

ஆகவே வினா பதிவா, நேரடி அரங்கா என்பதன்று. பார்வையாளருக்கும் ஆற்றுவோருக்குமிடையிலான உறவை மறைக்கும் பதிவு எது, அதனை வெளிப்படுத்தும் பதிவு எது என்பதே. மூன்று பதிவுகளை நோக்குவோம்.

முதலாவது, ஸ்டூவர்ட் லீயின் '90ஸ் கொமெடியன்'. அவர் இணைந்து எழுதிய 'ஜெரி ஸ்பிறிங்கர்: த ஒப்பரா' 2005 சனவரியில் பி.பி.சி.யில் ஒளிபரப்பானபோது பல்லாயிரக்கணக்கான முறைப்பாடுகள் எழுந்தன. மதநிந்தனைக் குற்றச்சாட்டும் முன்வைக்கப்பட்டது. அதற்கு விடையாக அமைந்த இவ்வாற்றுகை 2006இல் கார்டிஃப் நகரின் கலை நிலையமொன்றிலே, 'கோ ஃபாஸ்ரர் ஸ்ட்றைப்' எனும் சிறிய நிறுவனத்தாற் பதிவுசெய்யப்பட்டது. பெருநிறுவனத்தின் மெருகு இதில் இல்லை. ஒரே கூற்றைச் சலிப்பூட்டும்வரை திருப்பிச் சொல்லுதல், சிரிக்காத பகுதியினரைச் சுட்டி அவர்களோடு வாதிடுதல், நகை எவ்வாறு கட்டப்படுகிறது என்பதனை நகையின் நடுவிலேயே விளக்குதல் என்பன லீயின் உத்திகள். பிறெக்ட் வற்புறுத்திய தூரப்படுத்தல் இங்கு நகைச்சுவையின் வடிவமாகிறது. அறையின் தயக்கத்தை வீட்டிலிருப்பவரும் கேட்கிறார். எனவே அவரும் தம் நிலைப்பாட்டைத் தீர்மானிக்க நேர்கிறது.

இரண்டாவது, அமெரிக்கரான மரியா பாம்ஃபோர்டின் 2012ஆம் ஆண்டுப் பதிவான 'த ஸ்பெஷல் ஸ்பெஷல் ஸ்பெஷல்'. இதன் அரங்கு அவரது வீடு. பார்வையாளர் அவரது பெற்றோர் இருவர் மாத்திரமே. உளநோய் பற்றியும் குடும்பம் பற்றியும் அவர் பேச, அப்பேச்சின் பொருளானோரே எதிரில் அமர்ந்து கேட்கின்றனர். ஆயிரம் பேரின் ஆரவாரம் நீங்கியவிடத்து, சிரிப்பு எத்தகைய இடர்நிறைந்த கொடுக்கல்வாங்கல் என்பது தெரிகிறது. வீட்டிலிருந்து பார்ப்பவரின் தனிமையை மறைக்காது, அதனையே ஆற்றுகையின் நிபந்தனையாக்கியமை இப்பதிவின் சிறப்பாகும்.

மூன்றாவது, அவுஸ்திரேலியரான ஹன்னா காட்ஸ்பியின் 'நானெட்'. சிட்னி ஒப்பரா மாளிகையிற் பதிவாகி 2018இல் நெட்பிளிக்ஸ் வெளியிட்ட இப்பதிவு, நாம் முதலிற் குறிப்பிட்ட எள்ளலின் இரண்டாம் வகையையே விசாரணைக்குட்படுத்துகிறது. ஒதுக்கப்பட்டோர் தம்மைத் தாமே எள்ளிக்கொள்ளுதல் பணிவன்று, பேசும் அனுமதிக்காகச் செய்யப்படும் தன்னிழிவு என்பது அவரது வாதம். பேருந்துத் தரிப்பிடத்தில் தம்மைத் தாக்க வந்தவனைப் பற்றி முதலில் நகையாகச் சொன்ன கதையை, பின்னர் தாம் உண்மையிலேயே தாக்கப்பட்ட முடிவோடு மீளச் சொல்கிறார். நகைக்காக வெட்டப்பட்டது எது என்பது அப்போது தெரிகிறது. சார்ளி வில்லியம்ஸ் செலுத்திய விலையும் இங்கு நினைவில் எழுகிறது. இதில் நகை குறைவு எனக் குறைகூறியோர் உளர். முழு மணி நேரத்தையும் தொடர்ந்து பார்த்தாலன்றி அக்குறையின் நியாயத்தை மதிப்பிட இயலாது. உலகளாவிய பெருநிறுவனமொன்றே இதனைப் பரப்பிற்று என்பதும் உண்மை. முதலாளித்துவ ஊடகம் தன் இலாபத்தின் பொருட்டுத் தன்னோடு முரண்படும் குரலையும் சுமக்கும். அம்முரண்பாட்டினுள்ளேதான் முற்போக்குக் கலை இயங்கவேண்டியுள்ளது.

4

மேற்கூறியவற்றிலிருந்து தெரிவுக்கான சில அளவுகோல்களை வகுக்கலாம். முதலாவது, நகையின் இலக்கு: வலியோரா, மெலியோரா, அல்லது சிரிப்பவரின் சொந்த வசதிகளா? இரண்டாவது, முழுமை: துணுக்குத் திரட்டைவிட, ஒரே இரவின் முழு ஆற்றுகை விரும்பத்தக்கது. மூன்றாவது, அறையின் இருப்பு: மௌனமும் எதிர்ப்பும் தயக்கமும் வெட்டப்படாது காக்கப்பட்டுள்ளனவா? நான்காவது, பதிவின் உடைமை: யார் பதிவுசெய்தனர், யாருக்கு விற்றனர்? நான்காவதனை மாத்திரம் தனித்து அளவுகோலாக்கின் பொருளாதார வாய்பாட்டுவாதத்தில் முடியும். சிறு நிறுவனத்தின் பதிவெல்லாம் சிறந்ததுமன்று, பெருநிறுவனத்தின் பதிவெல்லாம் தீயதுமன்று. 'மாற்று' எனும் முத்திரையையும் அளவுகோலாகக் கொள்ளலாகாது. அச்சமின்மை எனும் பெயரில், தடைகளை மீறுவதாகக் கூறிக்கொண்டு, மன்றங்களின் பழைய இழிவு நகையே புத்தாடை அணிந்து வருதலும் உண்டு.

இறுதியாக முற்போக்காளராகிய நம்மைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். 1961இல் சோஹோவில் 'எஸ்டாபிளிஷ்மென்ட்' எனும் அங்கத விடுதியைத் தொடங்கியவர்களுள் ஒருவரான பீட்டர் குக், ஹிட்லரின் எழுச்சியைத் தடுக்க அத்துணை உழைத்த பெர்லின் கபரேக்களே தமக்கு முன்மாதிரி எனக் கூறியதாக அறியப்படுகிறது. அந்த அங்கதம் இன்று வீட்டிலிருந்து பார்ப்பவரையும் சுடும். சரியான இலக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டோம் என்பதனாலேயே ஏதோ செய்துவிட்டதாக நிறைவுகொள்வது எளிது. தன்னை ஏற்கெனவே சரியெனக் கருதும் பார்வையாளருக்கு அவர்தம் கருத்தையே நகையாகத் திருப்பிக் கொடுக்கும் பதிவு, பழைய மன்ற நகையைப்போன்றே பார்வையாளரை வருடிக் கொடுப்பதாகும். வருடப்படும் வர்க்கம் மாத்திரமே வேறு.

ஆகவே நமது தெரிவு, நம்மைச் சிரிக்கவைக்கும் பதிவை நோக்கியதாக மாத்திரமன்றி, சிரிப்பின் நடுவே நம்மை நிறுத்தி யாருடைய செலவில் சிரித்தோம் எனக் கேட்கவைக்கும் பதிவை நோக்கியதாகவும் அமைதல் வேண்டும். அக்கேள்வியை எழுப்பும் பதிவின் முன், வீட்டில் தனித்திருப்பவரும் தீர்ப்பு வழங்கும் பார்வையாளராகிறார்.