நடைப்பிணங்கள் யார்? – ‘தி வாக்கிங் டெட்’ காமிக்ஸும் தொலைக்காட்சித் தொடரும்

‘தி வாக்கிங் டெட்’ என்பது ராபர்ட் கிர்க்மேன் எழுதிய அமெரிக்கத் திகில் காமிக்ஸ். 2003 அக்டோபரில் இமேஜ் காமிக்ஸ் நிறுவனம் முதல் இதழை வெளியிட்டது. முதல் 6 இதழ்களுக்கு டோனி மூரும், 7ஆம் இதழிலிருந்து இறுதிவரை சார்லி அட்லார்டும் படம் வரைந்தனர். 2019 ஜூலையில் 193ஆம் இதழுடன் கதை நிறைவுற்றது. இதைத் தழுவி ஏஎம்சி தொலைக்காட்சி 2010 அக்டோபர் 31 முதல் 2022 நவம்பர் 20 வரை 11 பருவங்களாக, 177 அத்தியாயங்கள் கொண்ட தொடரை ஒளிபரப்பியது. இதற்குத் தொலைக்காட்சி வடிவம் கொடுத்தவர் திரைப்பட இயக்குநர் ஃபிராங்க் டாரபான்ட்.

இரண்டு வடிவங்களும் எங்கெங்கே வேறுபடுகின்றன என்ற பட்டியல் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். அந்த வேறுபாடுகளால் கதையின் பொருள் என்ன ஆனது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இரண்டு வடிவங்களின் முடிவுகளும் இதில் சொல்லப்பட்டுள்ளன. கதையை இனிமேல்தான் அறியப் போகிறவர்கள் இதை மனத்தில் கொண்டு படிக்கவும்.

தலைப்பின் பொருள்

தமிழில் ‘நடைப்பிணம்’ என்ற சொல் வெகுகாலமாக வழக்கில் உள்ளது. உயிர் இருந்தும் உணர்வற்று வாழும் மனிதரை அப்படிச் சொல்கிறோம். எழுந்து நடமாடும் பிணத்தை யாரும் அச்சொல்லால் குறித்ததில்லை. கிர்க்மேன் கதையின் தலைப்பைப் புரிந்துகொள்ள இந்தத் தமிழ் வழக்கே நல்ல துணை. 24ஆம் இதழில் கதைத் தலைவன் ரிக் கிரைம்ஸ், நடைப்பிணங்கள் வெளியே திரிபவை மட்டுமல்ல, உயிரோடிருக்கும் நாம்தான் என்ற பொருள்படத் தன் கூட்டத்தாரிடம் பேசுகிறான். தலைப்பு யாரைக் குறிக்கிறது என்பது அங்கே தெளிவாகிறது.

கதையின் அடிப்படை இரண்டிலும் ஒன்றே. துப்பாக்கிக் குண்டு பட்டு மயக்கத்தில் கிடந்த காவலர் ரிக், மருத்துவமனையில் கண் விழிக்கும்போது உலகம் சிதைந்து கிடக்கிறது. இறந்தவர்கள் எழுந்து உயிருள்ளவர்களைத் தின்கிறார்கள். ரிக் தன் மனைவி லோரியையும் மகன் கார்லையும் தேடிக் கண்டுபிடிக்கிறான். அதன்பின், எஞ்சிய மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள், எதற்காக வாழ்கிறார்கள் என்பதுதான் கதை. பிணங்கள் அதற்குப் பின்னணி மட்டுமே.

கறுப்பு வெள்ளையும் வண்ணமும்

காமிக்ஸ் முழுவதும் கறுப்பு வெள்ளையில் வந்தது. ஜார்ஜ் ரொமேரோவின் 1968ஆம் ஆண்டுத் திரைப்படமான ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ படத்தின் மரபு இது. இதில் ஒரு பயன் உண்டு. இரத்தமும் கறுப்பு, நிழலும் கறுப்பு, இரவும் கறுப்பு. அட்லார்டின் படங்களில் எது இரத்தம், எது நிழல் என்று ஒரு கணம் நின்று பார்த்துத்தான் சொல்ல முடியும். கண் அருவருப்படையும் முன்பே மனம் அந்த இடத்தின் துயரத்தைப் பற்றிக்கொள்கிறது.

தொலைக்காட்சித் தொடருக்கு ஒப்பனைக் கலைஞர் கிரெக் நிகோடெரோ அமைத்த பிணங்கள் வியக்கத்தக்கவை. ஆண்டுகள் செல்லச் செல்ல அவை மேலும் அழுகி, மேலும் மெலிந்து காட்சியளிப்பதுபோலத் திட்டமிட்டிருக்கிறார்கள். அதோடு ஒலியும் சேர்கிறது: ஈக்களின் ரீங்காரம், தொண்டைக்குள் உருளும் முனகல். காகிதத்தால் இதைத் தர இயலாது. அடுத்த பக்கத்தை எப்போது திருப்புவது என்பதைக் காமிக்ஸ் வாசகர் முடிவு செய்கிறார். தொடரில் அந்த உரிமை படத்தொகுப்பாளரிடம் இருக்கிறது. ஆகவே திடுக்கிட வைப்பது தொடருக்கு எளிது. நின்று யோசிக்க வைப்பது காமிக்ஸுக்கு எளிது. இந்த அடிப்படை வேறுபாடு பின்வரும் மாற்றங்கள் பலவற்றிலும் எதிரொலிக்கிறது.

குழந்தையின் கையில் துப்பாக்கி

ரிக்கின் நண்பன் ஷேன், ரிக் இல்லாத நாட்களில் லோரியுடன் நெருங்கியவன். காமிக்ஸில் 6ஆம் இதழிலேயே ஷேன் ரிக்கைக் கொல்லத் துணிகிறான். அப்போது அவனைச் சுட்டுக் கொல்வது சிறுவன் கார்ல். கதை தொடங்கி ஆறே மாதங்களில், ஒரு குழந்தை உயிருள்ள மனிதனைக் கொன்றுவிடுகிறது. அந்தக் குழந்தை இனி என்னவாகும் என்ற கேள்விதான் அடுத்த 187 இதழ்களையும் நடத்திச் செல்கிறது.

தொடரில் ஷேன் இரண்டாம் பருவத்தின் இறுதிக்கு முந்தைய அத்தியாயம்வரை வாழ்கிறான். அவனைக் கத்தியால் குத்திக் கொல்பவன் ரிக். இறந்தபின் பிணமாக எழும் ஷேனைத்தான் கார்ல் சுடுகிறான். காட்சி ஏறத்தாழ ஒன்றுபோலத் தோன்றினாலும் அறத்தின் எடை முற்றிலும் மாறிவிட்டது. உயிருள்ளவனைக் கொன்ற பாரம் தந்தைக்குப் போய்விட்டது. மகனுக்குக் கிடைத்தது தற்காப்புச் செயல் மட்டுமே.

இதே போக்கு இன்னொரு இடத்திலும் தெரிகிறது. காமிக்ஸில் பென், பில்லி என்ற இரட்டைச் சிறுவர்கள் உண்டு. இறப்பு என்றால் என்ன என்ற தெளிவே இல்லாத பென், தன் சகோதரனைக் கொன்றுவிடுகிறான். அவனை என்ன செய்வதென்று பெரியவர்கள் தடுமாறிக்கொண்டிருக்கையில், 61ஆம் இதழில், யாருக்கும் தெரியாமல் கார்ல் அவனைச் சுட்டுவிடுகிறான். தொடரின் நான்காம் பருவத்தில் இந்தச் சம்பவம் லிசி, மீகா என்ற சகோதரிகளின் கதையாகிறது. அங்கே தங்கையைக் கொன்ற லிசியைச் சுடும் பொறுப்பைக் கரோல் என்ற பெண் ஏற்கிறாள்.

2014இல் ஒளிபரப்பான அந்த அத்தியாயம் தொடரின் மிகச் சிறந்த அத்தியாயங்களுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. மெலிசா மெக்பிரைடின் நடிப்பில் ஒரு தாயின் இதயம் உடைவதைக் கண்ணெதிரே காண்கிறோம். ஆனாலும் மூலக்கதை எழுப்பிய கேள்வி இதில் இல்லை. ஒரு பெரியவர் செய்ய நேர்ந்த கொடிய கடமையைத் தொடர் காட்டுகிறது. பெரியவர்கள் கடமை தவறும்போது குழந்தைகள் அதை எப்படி நிறைவேற்றுவார்கள் என்பதைக் காமிக்ஸ் காட்டுகிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்ற எனக்கு இரண்டாவதுதான் அதிகம் அச்சமூட்டுகிறது. நாம் பேசாமல் விட்டவற்றிலிருந்தும் குழந்தைகள் பாடம் படிக்கிறார்கள்.

கரோலும் சோஃபியாவும்

மாற்றங்கள் எல்லாமே இழப்பு என்று சொல்லிவிட முடியாது. காமிக்ஸின் கரோல் இளம்பெண். பிறரைச் சார்ந்தே வாழத் தெரிந்தவள். மனம் உடைந்து, சிறைச்சாலை வளாகத்தில் ஒரு பிணத்திடம் தன்னையே கடிக்கக் கொடுத்து இறக்கிறாள். அவள் மகள் சோஃபியாவோ உயிர் பிழைக்கிறாள். மேகி, கிளென் தம்பதியிடம் வளர்ந்து, கதையின் முடிவில் கார்லின் மனைவியாகவும் ஒரு குழந்தைக்குத் தாயாகவும் இருக்கிறாள்.

தொடர் இதைத் தலைகீழாக்கியது. இரண்டாம் பருவத்தில் சோஃபியா காணாமல் போகிறாள். அத்தியாயம் அத்தியாயமாக அவளைத் தேடுகிறார்கள். ஏழாம் அத்தியாயத்தில் ஹெர்ஷலின் களஞ்சியத்திலிருந்து பிணங்கள் வெளியே வரும்போது, கடைசியாக வருபவள் சோஃபியா. காமிக்ஸிலும் அந்தக் களஞ்சியம் உண்டு. ஆனால் அதில் அவள் இல்லை. ஆகவே மூலக்கதையை வாசித்தவர்களும் இந்தக் காட்சியை எதிர்பார்த்திருக்க முடியாது.

இந்த மாற்றத்தின் பலன் கரோல். கணவனிடம் அடிபட்டு ஒடுங்கியிருந்தவள், மகளைப் பறிகொடுத்தபின் படிப்படியாக அக்கூட்டத்தின் கூர்மதி படைத்த பாதுகாவலராகிறாள். இறுதி அத்தியாயம்வரை வாழ்கிறாள். காமிக்ஸில் அறவே இல்லாத டேரில் டிக்சன் என்ற பாத்திரத்துடன் அவளுக்கு ஏற்படும் தோழமை, தொடரின் சொந்தச் செல்வம். தழுவல் என்பது நகலெடுப்பதன்று என்பதற்கு இந்த இருவரே சான்று. மேலும், கிர்க்மேன் தொடரின் நிர்வாகத் தயாரிப்பாளர்களுள் ஒருவராகவும் சில அத்தியாயங்களை எழுதியவராகவும் இருந்தார். எனவே மூல ஆசிரியருக்குத் தெரியாமல் நடந்த துரோகம் என்று இம்மாற்றங்களைக் கூற இயலாது.

உடலின் இழப்பு

28ஆம் இதழில் ‘கவர்னர்’ எனப்படும் கொடுங்கோலன் ரிக்கின் வலக்கையை வெட்டிவிடுகிறான். மீதிக் கதை முழுவதும் ரிக் ஒற்றைக் கையன். துப்பாக்கியில் குண்டு நிரப்புவது முதல் எல்லாமே அவனுக்குப் போராட்டம். இழந்தது திரும்பி வராது என்பதை ஒவ்வொரு பக்கமும் நினைவூட்டுகிறது.

தொடரில் ரிக்கின் கைக்கு ஒன்றும் நேரவில்லை. ஆண்டுக்கணக்கில் ஒரு நடிகரின் கையை மறைத்துப் படம் பிடிப்பது எவ்வளவு சிரமம் என்பது யாருக்கும் விளங்கும். அதைக் குறை சொல்ல முடியாது. 2024இல் வந்த ‘தி ஒன்ஸ் ஹூ லிவ்’ என்ற கிளைத் தொடரில் ரிக் தன் இடக்கையைத் தானே வெட்டிக்கொள்கிறான். காமிக்ஸ் இரண்டரை ஆண்டுகளில் எட்டிய இடத்துக்குத் தொலைக்காட்சி பதினான்கு ஆண்டுகளில் வந்து சேர்ந்தது.

ஒரு மரணமும் ஆறு மாதக் காத்திருப்பும்

2012 ஜூலையில் வந்த 100ஆம் இதழில், நீகன் என்ற குழுத் தலைவன் முள்கம்பி சுற்றிய மட்டையால் கிளென்னை அடித்துக் கொல்கிறான். பிடிபடுவது, யாரைக் கொல்வது என்று நீகன் தேர்வது, கொலை ஆகிய மூன்றும் ஒரே இதழில் நடந்து முடிகின்றன. வாசகருக்குத் தப்ப வழியில்லை. ஆனால் அவரை யாரும் ஏமாற்றவும் இல்லை.

தொடர் இந்தக் காட்சியை இரண்டாக வெட்டியது. ஆறாம் பருவத்தின் இறுதியில், 2016 ஏப்ரலில், நீகன் மட்டையை ஓங்குகிறான். யார் தலையில் விழுந்தது என்பது காட்டப்படவில்லை. அக்டோபரில் ஏழாம் பருவம் தொடங்கியபோதுதான் ஏபிரஹாம், கிளென் இருவரும் இறந்தது தெரிந்தது. அந்த அத்தியாயத்தை அமெரிக்காவில் சுமார் 1 கோடியே 70 இலட்சம் பேர் பார்த்தனர்.

இங்கேதான் தொடர் தன் மூலத்தைவிட்டு மிகவும் விலகிப் போனதாகக் கருதுகிறேன். கொலையின் கொடூரம் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு. காமிக்ஸில் கேள்வி, ‘கிளென் இல்லாமல் இவர்கள் எப்படி வாழ்வார்கள்?’ என்பது. தொடரில் ஆறு மாதங்கள் பேசப்பட்ட கேள்வி, ‘செத்தது யார்?’ என்பது. ஒரு மனிதரின் மரணம் விடுகதையானது. அதன்பின் பார்வையாளர் எண்ணிக்கை சரிந்தது. 2022இன் இறுதி அத்தியாயத்தின் நேரடி ஒளிபரப்பைச் சுமார் 22 இலட்சம் பேரே பார்த்தனர். இணையவழிக் காட்சிகள் பெருகியதும், நீண்ட தொடர்களுக்கு இயல்பான சலிப்பும் இதற்குப் பெரும் காரணங்கள். ஆயினும் பார்வையாளரின் துயரத்தைத் தூண்டிலாக்கியதற்குத் தொடர் ஒரு விலை கொடுத்தது என்றே எண்ணத் தோன்றுகிறது.

கார்லின் மரணம்

எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் எட்டாம் பருவத்தில், 2018இல் நிகழ்ந்தது. கார்ல் கடிபட்டு இறக்கிறான்.

காமிக்ஸில் நீகனுடனான போரின் முடிவில் ரிக் அவன் கழுத்தை அறுக்கிறான். ஆனால் சாகவிடாமல் சிகிச்சை அளித்துச் சிறையில் அடைக்கிறான். பழிக்குப் பழி என்ற வட்டத்திலிருந்து வெளியேறிச் சட்டத்தை நோக்கி ஒரு சமூகம் எடுத்துவைக்கும் முதல் அடி அது. தொடரிலும் ரிக் அவனை உயிரோடு விடுகிறான். அங்கே அதற்குக் காரணம், இறந்த மகனின் கடைசி விருப்பம். நெகிழ்ச்சியான காரணம்தான். ஆனால் ஒரு தலைவன் தன் அறிவால் எட்டிய முடிவு, ஒரு தந்தை மகனுக்குச் செலுத்தும் கடனாகச் சுருங்கிவிட்டது.

அதைவிடப் பெரிய இழப்பு முடிவில் தெரிகிறது. 192ஆம் இதழில் ரிக் சுட்டுக் கொல்லப்படுகிறான். 193ஆம் இதழ் பல ஆண்டுகள் கடந்து தொடங்குகிறது. கார்ல் இப்போது குடும்பஸ்தன். பிணங்கள் அரிதாகிவிட்டன. கிளென்னின் மகன் ஹெர்ஷல் அவற்றைக் காசுக்குக் காட்சி காட்டிப் பிழைக்கிறான். தன் நிலத்துக்குள் வந்த பிணங்களைக் கொன்றதற்காகக் கார்ல், பிறர் சொத்தை அழித்தவன் என்று வழக்கில் நிற்கிறான்! அச்சத்தையே அறியாத புதிய தலைமுறை வந்துவிட்டது. அது ரிக்கின் வெற்றி, கூடவே ஒரு புதிய ஆபத்தும். கடைசியில் கார்ல் தன் சிறுமகளுக்குத் தாத்தாவின் கதையை வாசித்துக் காட்டுகிறான்.

ஆறாம் இதழில் துப்பாக்கி பிடித்த கை, கடைசி இதழில் புத்தகம் பிடிக்கிறது. 193 இதழ்களின் பொருளும் அந்த மாற்றத்தில்தான் அடங்கியிருக்கிறது. கார்ல் இல்லாத தொடரால் இந்த இடத்துக்கு வர முடியவில்லை. அவனுக்குரிய சம்பவங்களை ஹென்றிக்கும், தங்கை ஜூடித்துக்கும் பகிர்ந்து கொடுத்துப் பார்த்தது. காமிக்ஸில் கைக்குழந்தையாகவே தாயோடு இறந்துபோன ஜூடித், தொடரில் துணிச்சலான சிறுமியாக வளர்கிறாள். நல்ல பாத்திரம்தான். ஆனால் அவள் சீரழிந்த உலகத்திலேயே பிறந்தவள். பழைய உலகையும் புதிய உலகையும் தன் உடலில் சுமந்தவன் கார்ல் ஒருவனே.

முடிக்கத் தெரிவது

காமிக்ஸ் முன்னறிவிப்பு இல்லாமல் முடிந்தது. வாசகர்கள் முன்கூட்டியே ஊகித்துவிடக் கூடாது என்று, வரப்போகாத அடுத்த இதழ்களுக்கும் அட்டைப்படங்கள் அறிவிக்கப்பட்டிருந்தன. தொலைக்காட்சித் தொடரோ முடிந்த பிறகும் முடியவில்லை. டேரில், மேகி, நீகன், ரிக் எனப் பலருக்கும் கிளைத் தொடர்கள் பிறந்தன. காத்திருக்கும் கிளைத் தொடருக்கு உரியவர் இறக்கமாட்டார் என்பது பார்வையாளருக்குத் தெரிந்தபின், திகில் கதையில் திகில் ஏது?

‘மூலத்துக்கு உண்மையாக இருக்கிறதா?’ என்பது தழுவல்களைப் பற்றி மாணவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. சம்பவங்களை ஒப்பிட்டு மதிப்பெண் போட்டால், கரோலின் கதைக்குக் குறைந்த மதிப்பெண்ணும் நீகன் காட்சிக்கு அதிக மதிப்பெண்ணும் விழும். உண்மை அதற்கு நேர்மாறானது. கரோலின் கதை சம்பவங்களை மாற்றினாலும், உயிர் பிழைத்தவர் நடைப்பிணமாகாமல் வாழ்வது எப்படி என்ற மூலக் கேள்வியைக் காப்பாற்றியது. நீகன் காட்சி சம்பவத்தைக் காப்பாற்றிக் கேள்வியைத் தொலைத்தது. ஒரு தழுவலை மதிப்பிடுபவர் முதலில் தேட வேண்டியது அந்தக் கேள்வியைத்தான்.