அரபு மண்ணின் மலைகளும் நம் எழுத்தின் மணலும்

அரபு நாடு என்றதும் நமது கவிஞர்களின் பேனா முதலில் தொடுவது மணலைத்தான். மீலாத் காலத்துக் கவிதைகள், ஹஜ் பயணக் கட்டுரைகள், வளைகுடா வாழ்வைச் சொல்லும் சிறுகதைகள் எதை எடுத்தாலும் மணல், ஒட்டகம், பேரீச்சை, சுடுகாற்று என்று ஒரே சித்திரம் திரும்பத் திரும்ப வருகிறது. "அரபு நாடெண்டா மணல்தானே" என்று ஊரில் சொல்வதைத்தான் நமது இலக்கியமும் கொஞ்சம் அலங்கரித்துச் சொல்கிறது. இந்தச் சித்திரம் எதை மறைக்கிறது என்பதே இக்கட்டுரையில் என் கேள்வி.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். அரபுத் தீபகற்பத்தின் பெரும்பகுதி வறண்ட நிலம் என்பது உண்மை. ஆனால் அதன் மேற்கு ஓரம் முழுவதும் செங்கடலுக்குச் சமாந்தரமாக ஸரவாத் மலைத்தொடர் நிற்கிறது. செங்கடல் பிளந்து அகன்றபோது மேலெழுந்த நிலவிளிம்பு அது. தெற்கே போகப் போக உயர்ந்து, யெமனில் ஸன்ஆவுக்கு மேற்கே ஜபல் அந்நபி ஷுஐபில் உச்சம் அடைகிறது. அதன் உயரம் சுமார் 3,666 மீற்றர். நமது நாட்டின் மிக உயர்ந்த பீதுருதாலகால 2,524 மீற்றர். ஸன்ஆ நகரமே சுமார் 2,250 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அதாவது பாவா ஆதம் மலையின் உச்சி அளவுக்கு உயரமான இடத்தில் ஒரு தலைநகரம்! சவூதியின் அஸீரில் ஜபல் ஸவ்தாவும் ஓமானில் ஜபல் ஷம்ஸும் ஏறத்தாழ 3,000 மீற்றரைத் தொடுகின்றன. யெமன் மேட்டுநிலத்தில் கோடைமழை உண்டு. சரிவுகளில் கல்லடுக்கி, மண் நிரப்பி, படிப்படியாக வயல் அமைத்து பல்லாயிரம் ஆண்டுகளாக உழுதிருக்கிறார்கள். கோப்பி இந்தச் சரிவுகளில் விளைந்துதான் மொகா துறைமுகம் வழியாக உலகுக்குப் போனது. இரவு வணக்கத்தில் விழித்திருக்க 15ஆம் நூற்றாண்டின் யெமனிய ஸூஃபிகள் குடித்ததும் அதைத்தான்.

மார்க்க வாழ்வில் நமக்கு இந்த மலைகள் அந்நியமும் அல்ல. ஹிஜாஸ் என்ற சொல்லுக்கே தடுப்பு என்றுதான் பொருள். திஹாமா கரையோரத்தையும் நஜ்து மேட்டுநிலத்தையும் பிரித்து நிற்கும் மலைத்தடுப்பு என்றே பழைய அறபுப் புவியியலாளர்கள் அதற்கு விளக்கம் சொன்னார்கள். யெமன் திசையிலிருந்து வருவோருக்குரிய மீகாத்தான யலம்லம் ஒரு மலையின் பெயர் என்று பிக்ஹு நூல்கள் சொல்கின்றன. கப்பல் காலத்தில் நமது பக்கத்து ஹாஜிகள் இஹ்ராம் உடுத்ததும் அதன் நேரில்தான். ஹிரா, தவ்ர், உஹத், ஸஃபா, மர்வா, அறபாவின் ஜபலுர் ரஹ்மா என்று ஸீறாவும் ஹஜ்ஜும் மலைப் பெயர்களாலேயே நிறைந்திருக்கின்றன. நபியவர்கள் (ஸல்) கல்லடி பட்டுத் திரும்பிய தாயிப் கூட, சுமார் 1,800 மீற்றர் உயரத்தில் முந்திரிகைத் தோட்டங்கள் இருந்த மலையூர்தான். ஆனாலும் தாயிப் சம்பவத்தைப் பாடும் நமது கவிதைகளில் சுடுமணல் எப்படியோ வந்து சேர்ந்துவிடுகிறது.

எங்கிருந்து வந்தது இந்த மணல்? ஒரு பங்கு மேற்கத்தியப் பயண நூல்களிலிருந்து. வில்ஃபிரட் தெசிகர் 1940களின் பிற்பகுதியில் ரப்உல் காலியைக் கடந்தவர். அதே காலத்தில் ஹிஜாஸ், அஸீர் மலைகளிலும் நடந்து திரிந்தவர். ஆனால் 1959இல் வந்த அவரது புகழ்பெற்ற நூலின் தலைப்பில் நின்றது அரேபிய மணல் மட்டுமே. இதற்கு மாறாக, 10ஆம் நூற்றாண்டிலேயே யெமனைச் சேர்ந்த அல்ஹம்தானி தீபகற்பத்தை வருணித்து எழுதிய 'ஸிஃபத்து ஜஸீரத்தில் அரப்' மலைகளையும் பள்ளத்தாக்குகளையும் ஊர் ஊராகச் சொல்கிறது. நாம் அல்ஹம்தானியை விட்டுவிட்டு தெசிகரின் கண்ணால் அரபு மண்ணைப் பார்க்கிறோம்.

இன்னொரு பங்கு நமது தமிழிலிருந்தே வருகிறது என்பது என் எண்ணம். ஐந்திணை மரபில் பாலை பிரிவுக்குரியது. குறிஞ்சியும் மலையும் கூடலுக்குரியவை. எனவே பிரிவை எழுதவரும் தமிழ்க் கவிஞனின் கை தானாகவே பாலைக்குப் போகிறது. வளைகுடாவுக்குப் போனவரின் பிரிவை எழுதும்போது நிலமும் பாலை, உணர்வும் பாலை என்று பொருந்திவிடுவதால் மேற்கொண்டு பார்க்க அவசியம் இல்லாமல் போகிறது. இந்தச் சுலபப் பொருத்தத்தைத்தான் யெமனிய எழுத்து குலைத்துவிடுகிறது.

முஹம்மத் அப்துல் வலி யெமனியத் தந்தைக்கும் எத்தியோப்பியத் தாய்க்கும் பிறந்தவர். 1973இல் விமான விபத்தொன்றில் இளவயதிலேயே இறந்தார். அவரது 'யமூத்தூன குறபா' (அந்நியராய் இறக்கிறார்கள்) என்ற குறுநாவல் 1971இல் வந்தது. அடிஸ் அபாபாவில் சின்னக் கடை வைத்திருக்கும் ஒரு யெமனியனின் கதை அது. மலையூரில் மனைவி. அனுப்பும் காசில் அங்கே வீடு எழும்புகிறது. அவன் கடைக்குள்ளேயே கிடந்து, அந்த வீட்டில் ஒருநாள் வாழாமலே செத்துப்போகிறான். கடைகண்ணி தேடி ஊர் ஊராய்ப் போன நமது முதலாளிமாரின் குடும்பங்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

அவரது இன்னொரு கதையான 'அல்அர்ழு யா ஸல்மா' (நிலம், ஸல்மா) அந்த மலையில் மிஞ்சிய பெண்ணின் பக்கம் போகிறது. போன கணவன் வரவில்லை. படிவயல் அவள் தலையில். காத்திருப்பின் வலியைச் சொல்வதோடு அப்துல் வலி நிற்கவில்லை. மண்ணோடு அவளுக்குள்ள உறவைக் கேள்வியாக்கி, மகனுக்கு எதைக் கற்றுக்கொடுக்கப்போகிறாள் என்ற இடத்துக்குக் கொண்டுபோகிறார். ஸைத் முதீ தம்மாஜின் 'அர்ரஹீனா' (பணயக் கைதி, 1984) நாவலில் மலை வேறு முகம் காட்டுகிறது. கோத்திரத்தவர் அடங்கியிருக்கவேண்டும் என்பதற்காக இமாமின் ஆட்சி பிடித்துவைக்கும் சிறுவனுக்கு மலைக்கோட்டை சிறை. தப்பிப் போகவும் அவனுக்கு மலைதான் உண்டு. இரண்டு எழுத்தாளரிடமும் மலை அழகுக் காட்சியாக வருவதில்லை. உழைப்பு, அதிகாரம், பிரிவு எல்லாம் நடக்கிற இடமாக வருகிறது.

குறிஞ்சியும் முல்லையும் திரிந்தால் பாலை என்பது நமது மரபு அறிந்த விஷயம். யெமனில் அது கண்ணெதிரே நடந்தது. 1970களின் எண்ணெய்ப் பணம் மலையூர் ஆண்களைச் சவூதிக்கு இழுத்தது. பராமரிக்க ஆளில்லாத கல்வரம்புகள் சரிய, மழை மண்ணைக் கழுவிக்கொண்டு போனது. கோப்பி நின்ற பல இடங்களை காத் செடி பிடித்தது. 1990 வளைகுடா நெருக்கடியில் ஏறத்தாழ 8 இலட்சம் யெமனியர் சவூதியிலிருந்து திரும்ப நேர்ந்தபோது, பலருக்குத் திரும்பி உழுவதற்கு வயலும் மிஞ்சவில்லை. ஆகவே பிரிவு பாலையில் நடக்கிறது என்று எழுதுவது பாதி உண்மை. பிரிவே பாலையை உண்டாக்குகிறது என்பதை ஸல்மாவின் கதை காட்டுகிறது.

இது நமக்கு ஏன் முக்கியம்? நமது பெண்கள் ஆயிரக்கணக்கில் பணிப்பெண்களாகப் போனார்கள். அவர்களைப் பற்றிய கதைகளில் பெரும்பாலும் எல்லோரும் ஒரே மணலில் வெந்து திரும்புகிறார்கள். அஸீரின் அபஹாவில் இரண்டு வருடம் வேலை செய்து வந்த எங்கள் ஊர்ப் பெண் ஒருவரிடம் இதைக் கேட்டேன். "மணலா? நான் கண்டது குளிரும் மூடுபனியும் ரோட்டில வந்து நிக்கிற குரங்கும்தான்" என்றார். அவர் சொன்னதில் ஒரு கதை இருக்கிறது. மலைவீட்டின் குளிரில், கம்பளி இல்லாமல், விடியுமுன் எழுந்த உடம்பின் கதை அது. நாம் அதைக் கேட்காமல் நமது மணலை அவர் மேல் கொட்டிவிட்டோம். இரக்கம் காட்டுகிற எழுத்தே சாட்சியை மூடிவிடுகிற விசித்திரம் இது.

அடையாளத்தின் பக்கமும் ஒன்று சொல்லவேண்டும். காத்தான்குடிப் பிரதான வீதியில் பேரீச்சை மரங்கள் நிற்கின்றன. பார்க்க அழகாகவே இருக்கின்றன. மரத்தோடு எனக்கு வழக்கு இல்லை. ஆனால் அரபு மண் என்றால் ஒரே மரம், ஒரே நிலம், ஒரே நிறம் என்ற எண்ணம், முஸ்லிம் என்றாலும் ஒரே மாதிரி என்ற எண்ணத்துக்குப் பக்கத்து வீடு. அஸீரின் சூரைக்காடும் ஜபல் அக்ழரின் மாதுளையும் யெமனின் கோப்பியும் அதே மண்ணின் பிள்ளைகள்தான். அங்கேயே இத்தனை வகை என்றால், வயலும் வாவியும் மலைநாடும் சேர்ந்த நமது வாழ்வும் எதற்கும் குறைந்ததல்ல.

அப்துல் வலியும் தம்மாஜும் அறபிலிருந்து நேரே தமிழுக்கு வரவேண்டும். அறபு படித்த மௌலவிமாரும் பல்கலைக்கழக அறபுத்துறையினரும் நம்மிடம் நிறையவே இருக்கிறார்கள். கதை, நாவல் பக்கம் அவர்கள் கை நீளவேண்டும். எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது இன்னும் சின்ன விஷயம். வளைகுடாக் கதை எழுத உட்காரும்போது, போய் வந்தவரிடம் அந்த ஊர் எப்படி இருந்தது என்று ஒருமுறை கேளுங்கள். அவர் மணல் என்று சொன்னால் மணலை எழுதுங்கள். மலை என்று சொன்னால் மலையை எழுதுங்கள்.