செம்பியன் மாதேவி உருவச்சிற்பங்கள்

செம்பியன் மாதேவி (பொ.யு. 10-ஆம் நூற்றாண்டு) மழவரையர் குலத்தில் பிறந்தவர், முதலாம் கண்டராதித்த சோழரின் மனைவி, உத்தம சோழனின் தாய். செங்கல் கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றினார். விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயிலும் அவரது திருப்பணி பெற்றது. அவருடையவை எனக் கருதப்படும் உருவங்களைப் பற்றிய மதிப்பீடு இது.

கோனேரிராஜபுரம்

திருநல்லம் எனப்பட்ட கோனேரிராஜபுரம் உமாமகேஸ்வரர் கோயிலின் தென்சுவரில், கண்டராதித்தர் லிங்கத்தை வழிபடும் புடைப்புச் சிற்பம் உள்ளது. கணவரின் பெயரால் மாதேவி இக்கற்றளியை எடுப்பித்ததையும், அந்த உருவம் கண்டராதித்தருடையது என்பதையும் கீழுள்ள கல்வெட்டு சொல்கிறது. கோயிலைக் கட்டிய ஆலத்தூர் சாத்தன் குணபத்தன் 'ராஜகேசரி மூவேந்தவேளான்' என்னும் பட்டம் பெற்றதும் கல்வெட்டுகளில் உள்ளது.

வாஷிங்டன் செப்புத்திருமேனி

வாஷிங்டன் பிரீயர் கலைக்கூடம் 1929-ல் பெற்ற, ஒரு மீட்டருக்குச் சற்று அதிக உயரமுள்ள செப்புத்திருமேனி, பார்வதி வடிவிலுள்ள செம்பியன் மாதேவி எனப் பரவலாகச் சொல்லப்படுகிறது. வித்யா தெஹெஜியா இக்கருத்தை முன்வைத்தவர்களில் முக்கியமானவர். சோழர் காலத் தனிமனித உருவங்களை அடையாளம் காண்பதிலுள்ள சிக்கல்களை பத்மா கைமல் 1999, 2000 ஆண்டுகளில் வெளிவந்த கட்டுரைகளில் விவாதித்தார்.

நாகப்பட்டினம் அருகே செம்பியன் மாதேவி என்னும் ஊரின் கைலாசநாதர் கோயிலில் முதலாம் ராஜேந்திரன் காலத்தில் அரசியின் திருமேனி நிறுவப்பட்டதைக் கல்வெட்டு கூறுகிறது. எனவே அப்படி ஒரு திருமேனி இருந்தது உறுதி. ஆனால் வாஷிங்டன் திருமேனியில் எழுத்துப்பொறிப்பு இல்லை. அதுவே இது என்பது ஊகம்.

மதிப்பீடு

சோழச் சிற்பி முகச்சாயலைப் பதிவுசெய்ய முயலவில்லை. நீண்ட உடல், சரிந்த தோள், நெகிழ்ந்த கை ஆகியவை தேவிக்குரிய இலக்கணங்கள். எழுத்து இல்லாவிட்டால் அரசியும் தேவியும் ஒன்றாகிவிடுகிறார்கள். கோனேரிராஜபுரத்திலும் பெயரிட்டுச் சுட்டப்படும் உருவம் கணவருடையது. மாதேவி அங்கே எழுத்தில் இருக்கிறார்.

அந்த எழுத்தின் மதிப்பை அவர் அறிந்திருந்தார். திருக்கோடிக்காவில் பழைய கோயிலைப் பிரித்தபோது அதிலிருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவர்களில் மீண்டும் வெட்டச் செய்தார். பிறர் அளித்த கொடைகளின் நினைவு அழியாமல் காத்த இச்செயலே அவரது ஆளுமையை நமக்குக் காட்டுகிறது. முகத்தைத் தேடும் ஆய்வு இதைத் துணைச்செய்தியாகக் கடந்துசெல்வது பெரிய குறை. செம்பியன் மாதேவியின் நம்பத்தகுந்த உருவம் செம்பில் இல்லை, அவர் காத்த எழுத்துகளில்தான் உள்ளது.