வன்னியின் தொழில்களும் குடிசன மதிப்பேடுகளும்

மன்னர்தம் வெற்றியைக் கல்லும் செப்பேடும் கூறும். வள்ளல்தம் கொடையைப் புலவர் பாட்டுக் கூறும். ஏர் பிடித்தவன், வலை இழுத்தவன், பட்டி மாடு மேய்த்தவன் என்னும் இத்தகையோரை அவரவர் தொழிலோடு சேர்த்து எண்ணி வைத்த ஏடு யாதென வினவின், குடிசன மதிப்பேடு ஒன்றனையே காட்டல் கூடும். பெயரின்றியேனும் எளியோர் வரலாற்றினுட் புகும் வாயில் அதுவே. ஆதலின், அதனைப் புள்ளிவிபரம் கற்போர்க்கே உரியதென ஒதுக்காது, ஒரு நூலாகவே கொண்டு குணமும் குற்றமும் ஆராய்தல் தகும். நூற்குற்றம் பத்தென வகுத்த நன்னூலார் அவற்றுள் முதற்கண் வைத்தது குன்றக் கூறல். மாறுகொளக் கூறல், மயங்க வைத்தல் என்பனவும் அப்பத்தனுள் அடங்கும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா முதலிய மாவட்டங்களாக இன்று விளங்கும் வன்னிப் பெருநிலத்து மக்களின் தொழிலை உரைக்குமிடத்து, இம்மூன்று குற்றமும் மதிப்பேடுகளில் எங்ஙனம் அமைந்துள்ளன என்பதும், அமைந்தும் அவ்வேடுகள் போற்றற்குரியன ஆதல் எவ்வாறு என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

இலங்கையில் ஆங்கில ஆட்சியார் 1824ஆம் ஆண்டில் எடுத்த குடிக்கணக்கு 1827இல் அச்சாயிற்று. அறிவியல் முறையில் அமைந்த முதற் குடிசன மதிப்பு 1871ஆம் ஆண்டு மார்ச்சு 27ஆம் நாள் நிகழ்ந்தது. அன்று தீவின் மக்கட்டொகை ஏறத்தாழ 24 இலட்சம். அதன்பின் பத்தாண்டுக்கு ஒருமுறை மதிப்பெடுத்தல் மரபாயிற்று. 1901ஆம் ஆண்டு மதிப்பினைத் தலைமை தாங்கி நடத்தியவர் பின்னாளில் சேர் பட்டம் பெற்ற பொன்னம்பலம் அருணாசலம் ஆவர். 1911ஆம் ஆண்டு மதிப்பு டெனம் என்பவர் பொறுப்பில் நிகழ்ந்தது. 1931இல் எடுத்த மதிப்பு முழுமை பெறவில்லை. 1941இல் எடுக்க வேண்டியது உலகப் போரினால் 1946 வரை பின்னிற்றது. இவற்றிடையே, வன்னிக்கென்றே தனியாக எழுந்த நூல் ஜே. பி. லூயிஸ் என்னும் குடியியற் சேவை அதிகாரி 1895இல் வெளியிட்ட கையேடாகும். லூயிஸ் விரித்துரைத்தார், மதிப்பேடோ எண்ணிச் சுருக்கிற்று. இரண்டனையும் ஒருங்கு வைத்துக் கற்பார்க்கே மதிப்பேடு எதனைச் சுருக்கிற்று என்பது புலனாகும்.

தொழிலை வகுக்கும் முறை இங்கிலாந்திலிருந்து வந்தது. உயர்கல்வித் தொழில், இல்லப்பணி, வாணிகம், வேளாண்மை, கைத்தொழில், வரையறுக்கப்படாதோரும் பயன் விளைக்காதோரும் என ஆறு பெரும் வகுப்புக்களாக மக்களைப் பகுத்தல் அந்நாட்டு வழக்கம். ஆலையும் அங்காடியும் பெருகிய நாட்டில், ஒருவன் ஆண்டு முழுவதும் ஒரு தொழிலைச் செய்து ஒரு கூலியைப் பெற்று வாழ்வது இயல்பு. ஆண்டுக்கொரு மாரியை நம்பிக் குளத்தின் கீழும் காட்டின் ஓரத்திலும் வாழ்ந்த வன்னியானுக்கு அஃது இயல்பன்று.

அவனது ஓராண்டை நோக்குவாம். புரட்டாதி, ஐப்பசியில் காலபோக விதைப்பு. மார்கழி வரை காவலும் களைபிடுங்கலும். மாசி, பங்குனியில் அருவி வெட்டும் சூடு மிதிப்பும். பெருங்குளத்து நீர் எஞ்சியிருப்பின் சிறுபோகம். குளத்து நீர் எட்டாத மேட்டிற் சேனை வெட்டிக் குரக்கனும் எள்ளும் விதைப்பதுண்டு. கோடையிற் காட்டுக்குட் சென்று தேன் எடுப்பான், வேட்டையாடுவான், பிறர்க்கு மரம் ஏற்றி வண்டில் ஓட்டுவான். நந்திக்கடலையும் கொக்கிளாய்க் கடனீரேரியையும் அடுத்த ஊரவனாயின், இறாலும் மீனும் பிடிப்பான். இவை யாவற்றினூடும் பட்டி மாடு அவனுடையதாக நிற்கும். முல்லையும் மருதமும் நெய்தலும் ஒரே வீட்டினுள் மயங்கிய வாழ்வு அது. திணை மயங்குதலைத் தொல்காப்பியர் விலக்காது இடங்கொடுத்தார். மதிப்பேட்டின் பத்தியோ ஒருவனுக்கு ஒரு சொல்லுக்கே இடங்கொடுத்தது. அவன் நாவில் முந்தி வரும் சொல் 'கமம்' என்பது. அதனை எழுதிய மாத்திரத்தே தேனும் மீனும் வண்டிலும் ஏட்டினின்றும் மறைந்தன. குன்றக் கூறல் என்பது இதுவே.

மதிப்பெடுத்த காலமும் இக்குறையை மிகுவித்தது. 1871 முதல் 1953 வரை முழுமையாக நிகழ்ந்த மதிப்புக்கள் பெப்ரவரி அல்லது மார்ச்சு மாதத்தில் நிகழ்ந்தன. அது வன்னியில் அறுவடைக் காலம். 1963இல் யூலை 8ஆம் நாளும் 1971இல் ஒக்டோபர் 9ஆம் நாளும் மதிப்பு நாட்களாயின. 1981இல் மீண்டும் மார்ச்சு மாதம் வந்தது. வினாவானது அண்மைக் காலத்து வேலையைப் பற்றியதாயின், யூலையில் வெறுங்கையனாய் நிற்பவன் ஒக்டோபரில் விதைப்புக்காரனாவான். இரு மதிப்பேடுகளுக்கிடையிற் காணும் வேறுபாட்டுள் எவ்வளவு நாட்டின் மாற்றம், எவ்வளவு பருவத்தின் மாற்றம் எனப் பிரித்தறியாது முடிபு கூறுவோர் பெரிதும் ஏமாறுவர்.

குன்றக் கூறலின் மிகக் கொடிய வடிவம் பெண்டிர் தொழிலிற் காணப்படும். இங்கிலாந்தில் 1871 வரை உழவன் மனைவியும் கடைக்காரன் மனைவியும் தொழிலுடையோர் வரிசையில் இடம் பெற்றிருந்தனர். 1881இல் அவர் தொழிலற்றோர் வகுப்புக்கு மாற்றப்பட்டனர். அப்பெண்டிர் செய்த வேலையில் அப்பத்தாண்டில் மாற்றம் யாதும் நேரவில்லை. அட்டவணை வகுத்தோர் கருத்தே மாறிற்று. வன்னிப் பெண்ணோ நாற்று நடுவாள், களை பிடுங்குவாள், அருவி வெட்டுவாள், நெல் அவிப்பாள், பால் கறந்து தயிர் உறைய வைப்பாள். எண்ணுபவன் வாயிலில் நின்று வினவும்போது வீட்டுத் தலைவன், 'அவ வீட்டிலை சும்மா இருக்கிறா' என்பான். அந்தச் 'சும்மா' என்னும் ஒரு சொல்லே அட்டவணையிற் பல்லாயிரம் பெண்டிரின் உழைப்பை விழுங்கிற்று. யானையை அடக்கிய அரியாத்தையின் கதையை வன்னி மக்கள் வாய்மொழியாய்ப் பேணி வந்தனர். அவளைக் கண்டு வினவியிருப்பினும் மதிப்பேடு அவளைப் பணிக்கன் மனைவி என்றே எழுதியிருக்கும் போலும். எழுதப்பெறாத நாட்டுக் கதை கண்ட உண்மையை அச்சேறிய அரசாங்க ஏடு காணாமை சிந்திக்கத் தக்கது.

இனி, மயங்க வைத்தல் என்னும் குற்றத்தை நோக்குவாம். ஒருவன் செய்யும் வேலை வேறு. அவ்வேலை எந்த உற்பத்தியைச் சார்ந்தது என்பது வேறு. 1950களிற் பரந்தனில் அரசாங்க இரசாயனத் தொழிற்சாலை எழுந்தது. அங்குத் தச்சு வேலை செய்தவன் வேலையால் தச்சன்; சார்ந்த துறையோ இரசாயனம். ஆனையிறவு உப்பளத்திற் கணக்கெழுதியவன் வேலையால் எழுதுவினைஞன். சார்ந்த துறையோ உப்பு. இவ்விரண்டனையும் இரு வேறு அட்டவணைகளாக முழுமையாகப் பிரித்து வகுத்தல் இங்கிலாந்திலேயே 1921இல்தான் கைகூடிற்று. தமிழிலோ 'தொழில்' என்னும் ஒரு சொல் இரண்டற்கும் நிற்கின்றது. இலங்கையில் நாம் ஆலைத் துறையைக் 'கைத்தொழில்' என வழங்குகின்றோம். கையாற் செய்யும் கைவினையையும் அச்சொல்லே குறிக்கும். பன்பாய் இழைக்கும் பெண்ணும் பேராலைத் தொழிலாளியும் ஒரு சொல்லின்கீழ் மயங்குதற்கு இது வழிவகுக்கும். 'கமம்' என்பதும் அத்தகையதே. சொந்த வயலை உழுவிப்பவன், வாரத்துக்குச் செய்பவன், நாட்கூலிக்கு இறங்குபவன் ஆகிய மூவரும் தம்மைக் கமக்காரர் என்பர். மூவர்க்குமிடையில் உள்ள தூரம் உடைமைக்கும் பசிக்கும் உள்ள தூரம். அதனை வினாத்தாள் துருவிக் கேளாதவிடத்து ஏடு மயங்குதல் தவிர்க்கவியலாதது.

மாறுகொளக் கூறல் எல்லைகளின் மாற்றத்தால் நேர்ந்தது. வவுனியா மாவட்டத்து மக்கட்டொகை 1946இல் ஏறத்தாழ 23,000. 1971இல் ஏறத்தாழ 95,000. குடியேற்றத் திட்டங்களும், குளங்களின் புனரமைப்பும், மலேரியாவின் தணிவும் இவ்வளர்ச்சிக்கு ஏதுக்களாம். 1981ஆம் ஆண்டு மதிப்பேட்டைத் திறப்பின், வவுனியாவின் தொகை மீண்டும் ஏறத்தாழ 95,000 என்றே காணப்படும். பத்தாண்டு வளர்ச்சி எங்கே போயிற்று? 1978இல் முல்லைத்தீவு தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. 1981இல் அங்கு ஏறத்தாழ 77,000 மக்கள் எண்ணப்பட்டனர். எல்லை மாற்றத்தை அறியாதான் வன்னி தேங்கிற்று என்று எழுதுவான். அறிந்தான் அது விரைந்து வளர்ந்தது என்று எழுதுவான். கிளிநொச்சியின் நிலை இதனினும் இடர்ப்பாடுடையது. இரணைமடுக் குளத்தின் கீழ் 1936இற் குடியேற்றமாகத் தொடங்கிய அந்நிலப்பகுதி 1984இலேதான் தனி மாவட்டமாயிற்று. அதற்கு முந்திய மதிப்பேடுகளில் அதன் நெல்வயல்கள் யாழ்ப்பாண மாவட்டத்துப் புகையிலைத் தோட்டங்களோடு ஒன்றாகக் கூட்டப்பட்டன.

எல்லை மாற்றத்தினும் பெரியது இடைவெளி. 1991இல் நாடு முழுவதிலும் மதிப்பு நிகழவில்லை. 2001இல் நிகழ்ந்தபோது போரின் காரணமாக வட கிழக்கு மாவட்டங்கள் பலவற்றில் அது நிறைவேறவில்லை. ஆகவே, 1981க்கும் 2012க்கும் இடையே 31 ஆண்டுகள் வன்னியின் தொழில்களுக்கு முழுமையான மதிப்பேடு இல்லை. 1970களில் வெளிநாட்டு மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் தளிர்த்த செய்கையின் பயனை 1981ஆம் ஆண்டு ஏடு ஒருவாறு காட்டும். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் மலையகத்தினின்றும் வந்து குடியேறியோர் தோட்டத் தொழிலாளர் என்னும் பெயர் நீங்கி வயற்கூலிகளான செய்தியும் அதனுள் மறைந்து கிடக்கும். அதன்பின் தொழில் செய்து வாழ்ந்து, தொழில் இழந்து, மாண்ட ஒரு முழுத் தலைமுறைக்கு ஏடே இல்லை.

ஏட்டின் குற்றம் எண்ணுபவன்மேல் மட்டும் ஏறுவதன்று. விடை கூறியவன் நிலையையும் கருதல் வேண்டும். நெல்வரி 1892இற் சட்டத்தால் நீக்கப்படும் வரை, கமத்தைப் பற்றி வினவிய அரசும் நெல்வரி கேட்ட அரசும் ஒன்றே. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் காட்டுநிலத்தை முடிக்குரியதெனக் கொண்டமையால், அனுமதியின்றிச் சேனை வெட்டியவன் குற்றவாளியாவான். உடையாரும் விதானையாரும் கேட்கும்போது சேனையையும் வேட்டையையும் ஒளித்துக் கமம் என்று மட்டும் கூறுதல் அவனுக்குப் பாதுகாப்பு. ஆதலால் பழைய ஏடுகளில் ஒரு தொழில் சிறுத்துத் தோன்றுமாயின் அது நாட்டில் அருகியிருந்தது என்று துணிதல் கூடாது. அச்சத்தால் மறைக்கப்பட்டதோ என ஐயுறல் வேண்டும்.

'எண்ணுதல் என்றாலே சுருக்குதல்தானே. ஒவ்வொருவன் வாழ்வையும் விரித்தெழுதின் அது மதிப்பேடாகுமா?' எனச் சிலர் தடை நிகழ்த்துவர். அத்தடையிற் பொருளுண்டு. ஒரு முறையின்கீழ் எல்லாரையும் நிறுத்தாவிடின் ஒப்புநோக்கல் இயலாது. 1946க்கும் 1971க்கும் இடைப்பட்ட வவுனியாவின் பெருக்கத்தைக் கையேடோ கதையோ அளந்து காட்ட வல்லதன்று, மதிப்பேடே காட்டிற்று. எளியோனையும் செல்வனையும் ஒவ்வோர் எண்ணாகவே எண்ணிய நேர்மையும் அதற்கே உரியது. நாம் வேண்டுவது சுருக்கத்தின் விதி கற்போர்க்குத் தெரிதல் வேண்டும் என்பதே. முதன்மைத் தொழிலோடு துணைத்தொழிலையும், அது செய்யும் பருவத்தையும் வினவுதல் அரிதன்று. நிலத்தின் உடைமை முறையை வினவுதலும் அரிதன்று.

இஃது ஏட்டாராய்ச்சி மட்டுமன்று. 2008, 2009ஆம் ஆண்டுகளிற் கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்கள் ஏறக்குறைய அனைவரும் இடம்பெயர்ந்தனர். மீண்டு வந்தோர்க்கு வாழ்வாதாரம் வகுப்போர், மீனவனுக்கு வலை, கமக்காரனுக்கு விதைநெல் என ஒரு பத்தியை நோக்கிப் பகுப்பாராயின், இரண்டும் செய்து வாழ்ந்தவன் பாதி வாழ்வையே மீளப் பெறுவான். 'சும்மா' இருந்தவள் எனப்பட்டவள் குடும்பத்தலைவியாய்த் தனித்து நிற்கும்போது யாதும் பெறாள். 2013இற் கூடிய தொழிற் புள்ளிவிபரவியலாளரின் 19ஆவது அனைத்துலக மாநாடு, ஊதியத்துக்கோ இலாபத்துக்கோ செய்வதை வேலைவாய்ப்பு என்றும், தன் வீட்டுக்கென விளைப்பதை உழைப்பின் வேறொரு வகை என்றும் பிரித்தது. பெண்டிரின் வீட்டுழைப்பை உழைப்பென ஏற்றமை பாராட்டத்தக்கது. ஆயின், விளைந்த நெல்லை விற்காது பெரும்பாலும் வீட்டுக்கே வைத்திருக்கும் சிறு கமக்காரன் இவ்விலக்கணப்படி வேலைவாய்ப்பு உடையோர் கணக்கினின்றும் வழுவக்கூடும் என்பதை வன்னியார் மறத்தலாகாது.

ஆகவே, மதிப்பேட்டை வேதமெனக் கொள்ளுதலும் தவறு. பொய்யெனத் தள்ளுதலும் தவறு. உரையின்றிச் சூத்திரம் விளங்காதவாறு போல, ஊர் வரலாறின்றி அட்டவணை விளங்காது. வன்னிக் கிராமங்கள்தோறும் சூடு மிதித்தவரும் தேன் எடுத்தவரும் கரைவலை இழுத்தவரும் முதுமையடைந்து வருகின்றனர். அவர்தம் ஓராண்டுத் தொழிலை மாதவாரியாகக் கேட்டெழுதி, தம் ஊர்க்குரிய மதிப்பேட்டுப் பக்கத்தோடு ஒப்பிட்டு வைத்தல் மேல்வகுப்பு மாணவர் ஒருவரால் ஒரு விடுமுறையுள் இயல்வது. அங்ஙனம் ஊருக்கோர் உரை எழுமாயின், 31 ஆண்டு இடைவெளியின் ஒரு பகுதியேனும் நிரம்பும். 'கமம்' என்னும் ஒரு சொல்லுள் அடங்கிக் கிடந்த பல தொழில்களும் வெளிப்படும்.