வாலஸ் திரும்பி வந்தது

ஒரு பாத்திரத்தின் முடிவைப் பற்றி 'நம்பும்படியாக இல்லை' என்று சொல்வது நம்மிடையே மிகச் சுலபமான விமர்சனம். சொல்கிறவர் மேற்கொண்டு எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் இதன் அர்த்தம், 'அந்த இடத்தில் நான் இருந்தால் அப்படிச் செய்திருக்கமாட்டேன்' என்பதுதான். விமர்சகரின் விவேகமே பாத்திரத்துக்கு அளவுகோலாகிவிடுகிறது. இந்த அளவுகோல் எவ்வளவு குறுகலானது என்று பார்க்க, 'தி வயர்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரிலிருந்து இரண்டு முடிவுகளை எடுத்துக்கொள்கிறேன். 2002-லிருந்து 2008 வரை ஐந்து பருவங்களில், 60 பகுதிகளாக ஹெச்.பி.ஓ.வில் வந்த தொடர். பால்ட்டிமோர் நகரத்துப் போதை மருந்து வியாபாரமும் போலீஸும் அதன் களம். இதை உருவாக்கியதில் முக்கியமானவர்கள் இருவர்: அந்நகரப் பத்திரிகையில் நிருபராக இருந்த டேவிட் சைமன், அங்கேயே கொலை வழக்குகளைத் துப்பறிந்து, பின் பள்ளி ஆசிரியரான எட் பர்ன்ஸ்.

முதல் பருவத்தில் வாலஸ் என்றொரு பையன். வயது 16. குடியிருப்பு முற்றத்தில் போதை மருந்து விற்பவன். கைவிடப்பட்ட ஒரு வீட்டில், திருட்டு மின்சாரம் இழுத்து, தன்னைவிடச் சிறிய பிள்ளைகளோடு வசிக்கிறான். காலையில் அவர்களை எழுப்பி, ஆளுக்கொரு சிப்ஸ் பொட்டலமும் ஜூஸும் கொடுத்துப் பள்ளிக்கு விரட்டுகிறான். தன் கும்பலிடம் கொள்ளையடித்தவர்களில் ஒருவனைத் தற்செயலாகப் பார்த்துத் தகவல் கொடுக்கிறான். சித்திரவதை செய்யப்பட்ட அந்தப் பிணம், இவன் வசிப்பிடத்துக்கு வெளியே ஒரு காரின் மேல் கிடக்கிறது. வாலஸ் குலைந்துபோகிறான். போதையில் விழுகிறான். போலீஸிடம் பேசுகிறான். அவர்கள் அவனைக் கிராமப்புறத்தில் பாட்டி வீட்டில் கொண்டுபோய் விடுகிறார்கள். அங்கேயே இருந்தால் பிழைத்திருப்பான். திரும்பி வருகிறான். கூட்டாளிகளே சுட்டுக் கொல்கிறார்கள்.

'இவ்வளவு அறிவுள்ள பையன் இப்படிச் செய்வானா?' என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தொடர் இதற்கு விளக்கம் என்று பெரிதாக எதுவும் தருவதில்லை. இதுதான் என் இடம் என்கிற அளவில் அவன் ஏதோ சொல்கிறான், அவ்வளவுதான். ஆனால் முன்பே ஒரு காட்சி வந்துபோயிருக்கிறது. பஸ்ஸில் ஏறி இறங்கும் பயணிகளைப் பற்றிய வீட்டுக் கணக்கு ஒரு குழந்தைக்குப் புரியவில்லை. வாலஸ் அதையே போதை மருந்துக் குப்பிகளாக மாற்றிக் கேட்கிறான். விடை உடனே வருகிறது. இது மட்டும் எப்படி என்று கேட்டால், இந்தக் கணக்குத் தப்பினால் அடி விழும் என்கிறது குழந்தை.

வாலஸின் முடிவுக்குக் காரணம் சொல்வதற்காக வைத்த காட்சி அல்ல இது. ஆனால் அந்தப் பிள்ளைகளின் அறிவு எந்த மண்ணில் வேர்விட்டிருக்கிறது என்பது இதில் இருக்கிறது. தெருவில் அவன் கெட்டிக்காரன், பிள்ளைகளுக்கு மூத்தவன். பாட்டி வீட்டிலோ சில்வண்டுச் சத்தம்கூட அவனுக்கு அந்நியம். உயிருக்குப் பாதுகாப்பான அந்த இடத்தில் அவன் யாருமில்லை. கொலை நடப்பதும் அந்தப் பழைய வீட்டில்தான். பிள்ளைகளைத் தேடிக்கொண்டு உள்ளே போகிறான்.

இனி ஐந்தாம் பருவம். இங்கே காரணங்களுக்குப் பஞ்சமில்லை. பாழடைந்த வீடுகளுக்குள் 22 பிணங்கள். நகர நிர்வாகத்திடம் பணமில்லை. விசாரணை நிறுத்தப்படுகிறது. பணம் வரவழைப்பதற்காக மக்நல்ட்டி என்ற துப்பறிவாளர், அநாதையாகச் செத்துக் கிடப்பவர்களின் சடலத்தில் கழுத்தை நெரித்த அடையாளத்தை உண்டாக்கி, இல்லாத ஒரு தொடர் கொலைகாரனைச் சிருஷ்டிக்கிறார். அவர் குடிகாரர், அகந்தையுள்ளவர். செய்யக்கூடும் என்று விட்டுவிடலாம். லெஸ்டர் ஃப்ரீமன் ஏன் உடன்படுகிறார்? மேலதிகாரி வேண்டாமென்றும் ஒரு வழக்கை உள்ளபடி நடத்தியதற்காக, 13 வருஷம் 4 மாசம் அடகுக்கடைப் பிரிவில் ஒதுக்கப்பட்டு, பொம்மை வீட்டுச் சாமான்கள் செதுக்கிக்கொண்டிருந்த மனிதர் அவர். அவர் பொய்யை ஏற்றுக்கொள்வதோடு, அதை இன்னும் பரபரப்பாக்க யோசனையும் சொல்கிறார். அவரது ஆத்திரம் நியாயம்தான். ஆனால் ஆத்திரத்துக்கும் இந்தப் பொய்க்கும் இடையேயுள்ள தூரத்தை அவர் நடந்து கடப்பதை நாம் பார்க்கவில்லை.

மனிதன் சில சமயம் தன் சுபாவத்துக்கு விரோதமாக நடப்பதில்லையா என்று கேட்கலாம். நடக்கிறான். அப்போது படைப்பும் திடுக்கிட்டு நின்று அவனைப் பார்க்க வேண்டும். இங்கே தொடர் நிற்பதில்லை. அதற்கு வேறு அவசரம். அதே பருவத்தில் பத்திரிகை நிருபர் ஒருவரும் பொய்ச் செய்தி புனைகிறார். போலீஸின் பொய்யும் பத்திரிகையின் பொய்யும் ஒன்றையொன்று ஊட்டி வளர்ப்பதாகக் காட்ட வேண்டும் என்பது வாதத்தின் தேவை. லெஸ்டர் அதற்காக வளைக்கப்படுகிறார்.

ஆக, நம்பகத்தன்மை காரணங்களின் எண்ணிக்கையில் இல்லை. வாலஸின் முடிவு அவன் வாழ்ந்ததிலிருந்து வருகிறது. லெஸ்டரின் முடிவு ஆசிரியருடைய கருத்திலிருந்து. பின்னதைக் கண்டுகொள்ளாமல் முன்னதைச் சந்தேகிப்பவர், இலக்கியத்தைப் பற்றி அல்ல, தனக்குத் தெரியாத வாழ்க்கையைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறார். நம் கதைகளிலும் கருத்துக்காகப் பாத்திரங்கள் வளைகின்றன. கருத்து நமக்கு உடன்பாடாக இருந்துவிட்டால், 'நம்பும்படியாக இல்லை' என்ற வாக்கியத்தை நாம் யாரும் எழுதுவதில்லை.